போர் ஓய்ந்த பிறகு தவக்குல்

  



நான் சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட்ட ஒரு வார்த்தையிலிருந்து இன்றைய ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

2012ஆம் ஆண்டு. ஒரு நாள் அஸ்ருத் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு பெரியவர் கடைசி ஸஃப்பில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மனைவியின் வைத்தியத்துக்காகச் சென்னை வந்திருப்பதாகவும், திருவான்மியூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும் சொன்னார். "எந்த ஊர்?" என்று கேட்டேன். "யாழ்ப்பாணம், மவ்லவி. சோனகத் தெரு" என்றார். தையல் வேலை. 1990இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்.

போய்ப் பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, ஜன்னல், நிலை எதுவும் இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு அரசமரம் வளர்ந்திருக்கிறது. கிணறு குப்பையால் தூர்ந்து கிடக்கிறது. அவர் அழாமல் இதைச் சொன்னார். எனக்குத்தான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஓர் ஆலிம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "அல்லாஹ் மேல தவக்குல் வைங்க பாய், எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார். "மவ்லவி, தவக்குல் இருந்தபடியாலதான் இவ்வளவு காலம் உயிரோட இருக்கிறம். அது எங்களிட்ட இருக்கு. கூரைதான் இல்ல" என்றார்.

ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை இன்று வரை என்னை விடவில்லை. ஏழு வருடம் மத்ரஸாவில் ஓதியவன் தவக்குலைப் பற்றிப் பேசுகிறான். தையல்காரர் ஒருவர் தவக்குலை வாழ்ந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். யார் யாருக்குப் பாடம் சொல்வது?

இன்று நாம் சிந்திக்கப் போவது இதைத்தான். போர் ஓய்ந்த பிறகு, அழிந்துபோன அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புகிறவனுக்குத் தவக்குல் என்றால் என்ன? பக்கத்தில் இருக்கிற நமக்கு அதில் என்ன பங்கு?

*1990 அக்டோபர் 30*

கண்ணியமானவர்களே! நம் தமிழ்நாட்டில் பலருக்கு இந்த வரலாறு தெரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலங்கையின் வடக்கில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று ஐந்து மாவட்டங்கள். அங்கே பல நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழ்ந்து வந்தார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கம் தன் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியது. அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், பொருள் எல்லாம் பறிக்கப்பட்டன. உடுத்திய துணியும் கையில் கொஞ்சம் காசும்தான் மிச்சம். மன்னார்த் தீவு மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்கள் நடந்தும் லாரிகளிலும் தெற்கே வந்தார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடுகுக் கொட்டகைகளில் குடியேறினார்கள்.

சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். ஆனால் போர் முடிந்தது 2009 மே மாதம். இடையில் 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது சிலர் ஊர் திரும்பினார்கள். 2006இல் மறுபடி சண்டை மூண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட பத்தொன்பது வருடங்கள்! பத்து வயதில் வெளியேறிய சிறுவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக இருக்கிறான். ஒரு குடும்பமாக வந்தவர்கள் மூன்று, நான்கு குடும்பமாகப் பெருகியிருக்கிறார்கள். ஊரில் இருப்பதோ அதே ஒரு துண்டு நிலம்.

இதை நான் சொல்வது யார் மீதும் வெறுப்பை வளர்ப்பதற்காக அல்ல. அந்த வெளியேற்றம் தவறு என்று 2002இல் அந்த இயக்கத்தின் தரப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். மேலும், 2009இல் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் தமிழ் மக்கள் பட்ட துயரம் சொல்லி முடியாதது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முள்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களும் பிறகு கூரையில்லாத வீடுகளுக்குத்தான் திரும்பினார்கள். இன்று காஸாவைப் பாருங்கள். 2025 ஜனவரி 27ஆம் தேதி, போர்நிறுத்தம் வந்து சில நாட்களில், கடற்கரைச் சாலை வழியாக இலட்சக்கணக்கான மக்கள் வடக்கு நோக்கி நடந்ததை நாமெல்லாம் கைப்பேசியில் பார்த்தோம். எந்த வீட்டுக்கு நடந்தார்கள்? பலருக்கு வீடே இல்லை. இருந்தும் நடந்தார்கள்.

போர் செய்தியாகும். போர் ஓய்ந்த பிறகு மனிதன் தன் வாசலைக் கூட்டுவது செய்தியாகாது. ஆனால் அல்லாஹ்விடம் அந்த வாசலைக் கூட்டுவதும் எழுதப்படுகிறது.

*தவக்குலும் தவாகுலும்*

அருமைச் சகோதரர்களே! அரபியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தவக்குல். இன்னொன்று தவாகுல். எழுத்தில் சின்ன வித்தியாசம்தான், பொருளிலோ வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். உள்ளம் அல்லாஹ்வைச் சார்ந்திருக்க, கை கால் உழைப்பது தவக்குல். கை கால் சும்மா இருக்க, வாய் மட்டும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்வது தவாகுல்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதே நூலில் உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இன்னொரு நபிமொழியும் தெரிந்ததுதான்: அல்லாஹ்வின் மீது உண்மையாக நம்பிக்கை வைத்தால், பறவைகளுக்கு உணவளிப்பது போல அவன் நமக்கும் அளிப்பான், அவை காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன.

இந்த ஹதீஸில் நாம் கவனிக்கத் தவறுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பறவை போகிறது. கூட்டிலேயே உட்கார்ந்திருக்கிற பறவையைப் பற்றி அல்லாஹ்வின் தூதர் சொல்லவில்லை. நேற்று அந்த மரத்தில் பழம் இருந்தது, இன்று இருக்குமா தெரியாது. நேற்று அந்தப் பக்கம் வேடன் நின்றான், இன்று நிற்பானா தெரியாது. தெரியாமலேயே கிளம்புகிறதே, அதுதான் தவக்குல்.

நம் திருவான்மியூர்க் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26. சுனாமி வந்தது. அதற்குப் பிறகு பல நாட்கள் கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே நாமெல்லாம் பயந்தோம். குப்பத்து மீனவர்களின் படகு உடைந்தது, வலை போனது. அதே மீனவர்கள்தான் மறுபடியும் அதே கடலில் இறங்கினார்கள். பயம் போனதனாலா? இல்லை. பயத்தோடுதான் இறங்கினார்கள். தவக்குல் வந்தால் பயம் முழுவதும் போய்விடும் என்று நினைப்பது தவறு. பயத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகிற பலத்தைத் தவக்குல் கொடுக்கிறது.

*உஹதுக்குப் பிந்திய மதீனா*

அல்லாஹ்வின் நல்லடியார்களே! போருக்குப் பிறகு ஓர் ஊர் எப்படி எழுந்து நின்றது என்பதற்கு நமக்கு மதீனாவே பாடம்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு ஷவ்வாலில் உஹது போர். எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அன்றைய மதீனா ஒரு சின்ன ஊர். எழுபது பேர் என்றால் தெருவுக்குத் தெரு மய்யித்து வீடு. விதவைகள், அநாதைகள், கடன்கள். உஹது போரைப் பற்றி நாம் பேசும்போது குன்றின் மீது நின்ற வில்வீரர்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு அடுத்த மாதம் என்ன நடந்தது என்று பேசுவதில்லை. இன்று அதைப் பார்ப்போம்.

தவக்குலைப் பற்றிய மிக முக்கியமான வசனங்களில் ஒன்று உஹதை ஒட்டியே இறங்கியது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம். அதில் அல்லாஹ் தன் தூதருக்குச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அந்தத் தோழர்களை மன்னிக்கச் சொல்கிறான். அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்கிறான். காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யச் சொல்கிறான். ஒரு முடிவை உறுதி செய்த பிறகு தன்மீது தவக்குல் வைக்கச் சொல்கிறான். மன்னிப்பு, ஆலோசனை, முடிவு, பிறகு தவக்குல்! நாம் என்ன செய்கிறோம்? முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நான் அந்தப் பெரியவரிடம் செய்தது அதுதான்.

*ஸஅத் இப்னு ரபீஉ (ரலி)*

இந்தப் பெயரை மனத்தில் வையுங்கள்.

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த முஹாஜிர்களையும், மதீனத்து அன்ஸாரிகளையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அவர் மதீனாவின் செல்வந்தர்களில் ஒருவர். என் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று, சில நாட்களில் சொந்தக் காலில் நின்றார். புகாரியில் வரும் செய்தி இது.

இதைச் சொல்லும்போது நாம் வழக்கமாக அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் சுயமரியாதையைப் பாராட்டுவோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் "சந்தை எங்கே" என்று கேட்க முடிந்தது எப்படி? தங்க ஒரு வீடு, சாப்பிட ஒரு வேளை உணவு, "பாதி உனக்கு" என்று சொல்ல ஒரு மனிதர், இவை கிடைத்த பிறகுதான் கேட்டார். ஸஅத் முதலில் சொன்னது தவக்குல் வை என்பதல்ல. பாதியை எடு என்பது!

அந்த ஸஅத் (ரலி) உஹதில் ஷஹீதானார்கள். இப்போது கதை திரும்புகிறது. அடைக்கலம் கொடுத்த வீடே ஆதரவில்லாமல் நிற்கிறது. அவருடைய மனைவி இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். இவர்களின் தகப்பனார் தங்களோடு உஹதில் கொல்லப்பட்டார். இவர்களின் சிறிய தகப்பனார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பணம் இல்லாமல் இவர்களுக்குத் திருமணம் நடக்காது என்று முறையிடுகிறார். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி திர்மிதி, அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பெண்மணி தவக்குல் இல்லாதவரா? கணவரை அல்லாஹ்வின் பாதையில் கொடுத்தவர்! ஆனாலும் "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று வீட்டில் உட்காரவில்லை. பிள்ளைகளின் உரிமையைக் கேட்டு வந்தார். நபியவர்களும் பொறுமையாயிரு என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. இதில் அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்றார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. அந்தச் சகோதரரை வரவழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு மீதியை நீ எடுத்துக்கொள் என்று உத்தரவிட்டார்கள்.

சகோதரர்களே! போருக்குப் பிறகு ஒரு விதவை தன் சொத்துக்காகக் குரல் கொடுத்தார். அர்ஷிலிருந்து பதில் வந்தது. இன்று நாம் ஓதும் பாகப்பிரிவினைச் சட்டம் அந்தத் தாயின் முறையீட்டோடு சேர்ந்து இறங்கியது. உரிமையைக் கேட்பது தவக்குலுக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

வடக்கு முஸ்லிம்களுக்கும் இதே பிரச்சினைதான் வந்தது. இலங்கைச் சட்டப்படி, ஒருவர் மற்றவரின் நிலத்தைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இடையூறின்றி அனுபவித்தால் அதற்கு உரிமை கோர வழியுண்டு. துரத்தப்பட்டவன் பத்தொன்பது வருடம் ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை. அவன் எங்கே போய் வழக்குப் போடுவான்? இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அது வழி செய்தது. ஆனால் வழக்குப் போட இரண்டே வருட அவகாசம். பழைய உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்து, வழக்கறிஞரைப் பார்த்து, உரிய தேதிக்குள் மனுப்போட்டவனுக்குத்தான் அந்தச் சட்டம் பயன்பட்டது. ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் இதுதான்!

*பேரீச்சம்பழக் குவியல்*

உஹதில் ஷஹீதான இன்னொருவர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி). ஜாபிர் (ரலி) அவர்களின் தகப்பனார். ஆறு பெண்மக்களையும் நிறையக் கடனையும் விட்டுச் சென்றார்கள். வாலிபரான ஜாபிரின் தலையில் எல்லாம் விழுந்தது. கடன்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நபியவர்களே பரிந்து பேசியும் அவர்கள் இசையவில்லை.

அப்போது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? நீ போய்ப் பேரீச்சம்பழங்களை வகை வகையாகப் பிரித்து வை; அஜ்வாவைத் தனியாக வை, மற்ற ரகங்களைத் தனியாக வை; பிறகு என்னைக் கூப்பிடு என்றார்கள். ஜாபிர் அப்படியே பிரித்து வைத்தார். நபியவர்கள் வந்து குவியலருகே அமர்ந்தார்கள். கடன்காரர்களுக்கு அளந்து கொடு என்றார்கள். அளந்தார், அளந்தார், எல்லாக் கடனும் தீர்ந்தது. பார்த்தால் குவியலில் ஒன்றும் குறையாதது போலப் பழங்கள் அப்படியே இருந்தன. புகாரியில் பல இடங்களில் வரும் செய்தி.

அல்லாஹ் நாடியிருந்தால் ஜாபிரின் வீட்டு வாசலில் தீனார் மூட்டையை இறக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கையில் இருந்த பழத்திலேயே பரக்கத்தைக் கொடுத்தான். அதுவும் எப்போது? பிரித்து வைத்த பிறகு, அளக்கத் தொடங்கிய பிறகு.

பெரும் இழப்புக்குப் பிறகு மனிதனைக் கொல்வது குழப்பம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத குழப்பம். எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கிறது. மார்க்கம் சொல்லும் முதல் வேலை: பிரித்து வை. இது கடன், இது வரவு. இது இன்று செய்ய வேண்டியது, இது அடுத்த வருடம். இது என்னால் முடியும், இது அல்லாஹ்வால் மட்டுமே முடியும். பிரித்து வைத்துவிட்டு ஒரு படி அளந்து போடு. மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் என்னிடம் சொன்னதை இப்போது சொல்கிறேன். ஊர் திரும்பியதும் அவர் முதலில் செய்த காரியம் கிணற்றைத் துப்புரவு செய்தது. "உளூ செய்யத் தண்ணி வேணுமே" என்றார். கூரைக்குக் காசில்லை, கிணறு இறைக்கக் கை இருந்தது. அடுத்து, விறாந்தையில் ஒரு தகரத்தைப் போட்டு அதற்குக் கீழே தையல் மெஷினை வைத்தார். முதல் வாரம் ஒருவரும் வரவில்லையாம். ஆனால் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து மெஷினைத் திறந்து, எண்ணெய் விட்டு, துடைத்து வைத்து உட்கார்ந்திருப்பாராம். காலையில் கூட்டைவிட்டுக் கிளம்புகிற பறவை! நான் ஹதீஸை மனப்பாடம் செய்தேன், அவர் அதைச் செய்தார்.

*திரும்பாதவர்களும் குறைந்தவர்கள் அல்லர்*

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஊர் திரும்பவில்லை. புத்தளத்திலேயே பிள்ளைகளின் படிப்பு, திருமணம், தொழில் என்று வேர்விட்டவர்கள் பலர். தகப்பன் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் புத்தளத்திலுமாகக் காலை இரண்டு இடத்திலும் வைத்திருப்பவர்கள் பலர். இவர்களைப் பார்த்து, ஊர்ப்பற்று இல்லை, தவக்குல் இல்லை என்று பேசுவது சரியா?

மக்கா வெற்றியின்போது, தாங்கள் எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) அவர்கள் பெருமானாரிடம் கேட்டார்கள். அகீல் நமக்கு ஏதாவது வீட்டை விட்டுவைத்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். சுப்ஹானல்லாஹ்! பிறந்த ஊர். வெற்றியாளராக நுழைகிறார்கள். விரும்பினால் எந்த வீட்டையும் திரும்ப எடுத்திருக்கலாம். கூடாரம் போட்டுத் தங்கினார்கள். வேலை முடிந்ததும் மதீனாவுக்கே திரும்பினார்கள். அடைக்கலம் தந்த ஊரையே வாழும் ஊராகவும் கப்ருடைய ஊராகவும் ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்காக மக்காவின் மீது பாசம் போய்விட்டதா? இல்லை. ஹிஜ்ரத் வந்த புதிதில் பிலால் (ரலி) காய்ச்சலில் படுத்தபடி மக்காவின் ஓடைகளையும் புற்களையும் நினைத்து ஏங்கினார்கள். அதைக் கேட்ட நபியவர்கள் ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பது போல, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்கு நேசமாக்கு யா அல்லாஹ் என்று துஆ செய்தார்கள். திரும்புவதும் தவக்குலாக இருக்கலாம். தங்குவதும் தவக்குலாக இருக்கலாம். ஆலோசனை செய்து முடிவெடுத்தானா என்பதுதான் கேள்வி.

*பக்கத்து வீட்டுக்காரர்*

திரும்புகிறவனுக்கு இன்னொரு கடினமான சோதனை உண்டு. எந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டானோ அதே மண்ணில், அதே அண்டை வீட்டாரோடு மறுபடி வாழ வேண்டும். அந்தப் பெரியவரிடம் இதையும் கேட்டேன். 1990இல் அவர்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா ஒருவர் வாசலில் நின்று அழுதாராம். இவர் திரும்பிப் போன அன்று முதல் தேநீர் அந்த அம்மாவின் வீட்டிலிருந்துதான் வந்ததாம்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். துப்பாக்கி ஏந்தியவன் செய்ததற்குத் தேநீர் கொடுத்தவளைப் பொறுப்பாக்கக் கூடாது. நடந்ததை மறக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லலாம், உரிமையைக் கேட்கலாம், ஆனால் நீதி தவறக் கூடாது. பழிவாங்கும் கணக்கை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிடுவதும் தவக்குலில் சேர்ந்ததே. அந்தச் சுமையை இறக்கி வைக்காதவன் கூரை போட்டாலும் அந்த வீட்டில் தூங்க முடியாது.

*நம் பங்கு என்ன?*

அன்பானவர்களே! இப்போது நம்மைப் பார்ப்போம்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது நாம் அறிந்தோம், ஒரே இரவில் அகதியாவது என்றால் என்னவென்று. அன்று நம் நகரில் பள்ளிவாசல்களும் கோயில்களும் சர்ச்சுகளும் கதவைத் திறந்தன. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குப் போனவர்கள் என்ன கேட்டார்கள்? ஒரு பாய், ஒரு அடுப்பு, நனைந்துபோன ரேஷன் கார்டுக்கு மாற்றுக் கார்டு. அன்று நம் வாலிபர்கள் பிளீச்சிங் பவுடரும் துடைப்பமுமாய்ச் சேற்றில் இறங்கினார்களே, அவர்கள் தவக்குல் பற்றிப் பயான் செய்யவில்லை. தவக்குல் வைத்தவர்களுக்கு அல்லாஹ் அனுப்பிய உதவியாக அவர்களே இருந்தார்கள்.

அத்தலாக் அத்தியாயத்தில், தன்மீது தவக்குல் வைப்பவனுக்குத் தானே போதுமானவன் என்று அல்லாஹ் வாக்களிக்கிறான். எதிர்பாராத புறத்திலிருந்து ரிஸ்க்கு தருவதாகவும் சொல்கிறான். அந்த எதிர்பாராத புறம் எது? வானத்தைப் பிளந்துகொண்டு வருவதா? பெரும்பாலும் அது ஒரு மனிதனின் கை. அந்தக் கையாக நாம் இருக்கிறோமா என்பதுதான் நம்மிடம் உள்ள கேள்வி.

எனவே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: துயரத்தில் இருப்பவரிடம் "தவக்குல் வைங்க" என்று சொல்வதற்கு முன், "என்ன வேணும்?" என்று கேளுங்கள். நான் அந்தப் பெரியவரிடம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான். கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்று மஃரிபுக்கு வந்த ஜமாஅத்திடம் சொல்லியிருந்தால், பத்துத் தகரத்துக்காவது வழி பிறந்திருக்கும். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

இரண்டு: சிகிச்சைக்காகவோ படிப்புக்காகவோ நம் பகுதிக்கு வந்து தங்கும் வெளியூர், வெளிநாட்டு மக்களைக் கவனியுங்கள். நம் ஸஃப்பில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர் எதைக் கடந்து வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஸலாம் சொல்லி, ஊர் பெயர் கேட்டு, ஒரு வேளை வீட்டுக்கு அழையுங்கள்.

மூன்று: வியாபாரம் நொடித்தவர், வேலை இழந்தவர், வீட்டில் மவுத்து நடந்து நொறுங்கிப் போனவர், இப்படி ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு போர் ஓய்ந்திருக்கிறது. அவர்களுக்குச் சொல்கிறேன்: எல்லாம் சரியான பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கையில் இருக்கிற பழத்தைப் பிரித்து வையுங்கள். கிணற்றை இறையுங்கள். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத் நாம். கன்று காய்க்குமா என்பது நம் கவலையல்ல. நடுவது நம் வேலை.

இன்று ஜும்ஆ நாள். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேடும்படி அல்லாஹ் நமக்குச் சொல்லியிருக்கிறான். தொழுகைக்கு வரச் சொன்னவனே கடைக்கும் போகச் சொல்கிறான். ஸஜ்தாவில் அவனை நம்புகிறோம். கடைக் கதவைத் திறக்கும்போதும் அவனையே நம்புகிறோம்.

யா அல்லாஹ்! போரினால் வீடிழந்து உலகெங்கும் தவிக்கும் மக்களுக்கு அமைதியான இல்லங்களைக் கொடுப்பாயாக! அவர்களின் கிணறுகளில் தண்ணீரையும், கைகளில் தொழிலையும், உள்ளங்களில் ஸக்கீனத்தையும் தருவாயாக! அநியாயமாகப் பறிக்கப்பட்ட உரிமைகளை உரியவர்களுக்கு மீட்டுத் தருவாயாக! எங்கள் நாவில் மட்டும் இருக்கும் தவக்குலை எங்கள் கைகால்களிலும் தருவாயாக! உன் அடியார்களுக்கு நீ அனுப்பும் உதவியாக எங்களை ஆக்குவாயாக! அந்தப் பெரியவரையும் அவர் குடும்பத்தாரையும் ஈருலகிலும் நல்ல வீட்டில் குடியமர்த்துவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.